சத்தியக் கடதாசி எழுதும் நண்பர்களுக்கு

வாசகர் ஒருவர் அண்மையில் எமது பணிமனைக்கு ஆறு சத்தியக் கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டினார். ஊரிலுள்ள தம் மனைவியைக் கனடாவுக்கு அழைப்பதற்கான ஸ்பொன்சர் மனுவுடன் இணைப்பதற்காக அவருடைய நண்பர்கள் அறுவர் எழுதிக் கொடுத்தவை அவை. ஆறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தன. பெயரும் முகவரியும் மாத்திரமே வேறு வேறு. "இவர்கள் இருவரும் மிகுந்த அன்புடனும் ஒற்றுமையுடனும் வாழ்ந்து வருகின்றனர் என்பதை நான் நன்கு அறிவேன்" என்ற வசனம் ஆறிலும் மூன்றாவது பந்தியில் இருந்தது. ஆறாவது கடதாசியில், முன்னர் வேறு எவருக்கோ எழுதிய பிரதியிலிருந்த ஒரு பெண்ணின் பெயர் திருத்தப்படாமலே கிடந்தது. அதனைக் கையெழுத்திட்டவரும் கவனிக்கவில்லை, மனுவில் இணைத்தவரும் கவனிக்கவில்லை. குடிவரவு அதிகாரி கவனித்திருக்கின்றார்.

அந்த வாசகர் ஸ்காபரோவில் வாழ்கின்றார். மனைவி யாழ்ப்பாணத்தில். மணம் முடித்த பின்னர் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் ஐந்து வாரங்கள். அந்த ஐந்து வாரங்களில் ஆறு நண்பர்களில் எவரும் அங்கு இருக்கவில்லை. "ஒற்றுமையுடன் வாழ்ந்து வருகின்றனர்" என்பதை அவர்கள் எங்கு நின்று கண்டார்கள்? மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. மணம் மெய்யானது என்பதில் எமக்கு ஐயமில்லை. மெய்யான மணத்துக்குப் பொய்யின் சாயலைப் பூசியவர்கள் அதற்கு உதவ வந்த நண்பர்களே என்பதுதான் எமது துயரம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எம்மில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் தெரியும். ஊரில் சத்தியக் கடதாசி என்பது அன்றாடத் தேவைகளில் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, இடப்பெயர்வில் தொலைந்த அடையாள அட்டை, எறிகணையில் எரிந்துபோன காணி உறுதி என எதற்கும் சமாதான நீதவான் வீட்டு விறாந்தையில் போய் நின்றோம். வசனங்கள் அவருடையவை, கையெழுத்து எம்முடையது. அதனைப் பெற்றுக்கொள்ளும் கந்தோர் எழுதுவினைஞருக்கு எமது குடும்பம் எதுவென்று தெரியும், அல்லது கிராம சேவகரைக் கேட்டால் தெரிந்துவிடும். கோவையில் ஒரு கடதாசி இருக்க வேண்டும் என்பதே அங்கு தேவை. உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்று எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

கனடாவில் அக்கடதாசியைப் படிப்பவர் எம்மை அறியாதவர். எமது திருமண முறையையும் அறியாதவராக இருக்கலாம். அவர் கையில் இருப்பவை கடதாசிகள் மாத்திரமே. ஆகவே அவர் ஒவ்வொரு வசனத்தையும் படிக்கின்றார், ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டும் பார்க்கின்றார்.

அவர் எதைத் தேடுகின்றார் என்பதைச் சட்டமே கூறுகின்றது. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவில் இரண்டு கேள்விகள் உள்ளன. இந்தத் திருமணம் மெய்யானதா என்பது ஒன்று. குடிவரவுத் தகுதி ஒன்றைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு இது செய்யப்பட்டதா என்பது மற்றையது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாளுக்கு முன்னர், இரண்டிலும் தவறினால் மாத்திரமே ஒருவரை நிராகரிக்க முடியும் என்றிருந்தது. அன்று தொடக்கம் இரண்டில் ஒன்றில் தவறினாலே போதும். முதலாவது கேள்வி இன்றைய வாழ்வைப் பற்றியது. இரண்டாவது, மணம் நடந்த காலத்தில் இருவர் மனத்திலும் இருந்த எண்ணத்தைப் பற்றியது. "இப்போது நன்றாக இருக்கின்றார்கள்" என்று எழுதும் நண்பர் முதலாவது கேள்விக்கு மாத்திரமே விடையளிக்கின்றார். சம்பந்தம் எப்படிப் பேசப்பட்டது, யார் கொண்டு வந்தார்கள், மாப்பிள்ளை அதுபற்றி எப்போது தம்மிடம் முதன்முதலாகச் சொன்னார் என்பவற்றை எழுதக்கூடிய நண்பர் எவரேனும் இருப்பாராயின் அவருடைய கடதாசியே விலைமதிப்புடையது.

எமது திருமணங்களில் வேற்று நாட்டவருக்கு விளங்காத பல உள்ளன. குறிப்புப் பார்த்து, இரு வீட்டாரும் பேசி, ஒரு மாதத்துக்குள் மணம் முடிந்துவிடும். போர்க் காலத்தில் மாப்பிள்ளை ஊருக்குப் போக முடியாமல் பெண்ணைச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்து, கோயிலொன்றில் பத்துப் பேர் முன்னிலையில் தாலி கட்டிய குடும்பங்கள் எத்தனை! அந்தப் படங்களில் தாயும் தகப்பனும் இல்லை. பெற்றோர் வராத கலியாணம் எப்படி மெய்யான கலியாணமாகும் என்று அதிகாரி கேட்பது அவருடைய அறிவுக்கு எட்டிய நியாயம். வன்னியிலிருந்து கொழும்புக்கு வரவே பாஸ் கிடைக்காத பெற்றோர் சென்னைக்கு எப்படி வருவார்கள் என்பது எமது விடை. இந்த விடையை, அந்நாளில் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்து அவர் பட்ட பாட்டைக் கண்ட நண்பர் எழுதும்போது அதற்கு உயிர் உண்டு.

இன்று ஒரு நண்பர் கண்டிருக்கக்கூடியவற்றை எண்ணிப் பாருங்கள். நிலக்கீழ் அறையில் கூட இருப்பவர், இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வருபவர் சப்பாத்தைக் கழற்ற முன்னரே தொலைபேசியை எடுப்பதைக் காண்கின்றார். அப்போது யாழ்ப்பாணத்தில் கோடையானால் மாலை நாலரை, குளிர்காலமானால் ஐந்தரை. பாடசாலையில் படிப்பிக்கும் மனைவி வீடு திரும்பியிருக்கும் நேரம். பொங்கலன்று பானைக்கருகே தொலைபேசியை நிறுத்தி வைத்து, பால் பொங்குவதை அவருக்குக் காட்டியதை இவர் கண்டிருக்கலாம். ஊருக்குப் போனபோது நண்பர் கொடுத்துவிட்ட குளிர்ச்சட்டையை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மாமியார் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். "குளிர்ச்சட்டை எதற்கு" என்று மனைவி கேட்டபோது, "விசா வந்தால் விமானத்தால் இறங்கும் நேரம் போட வேண்டுமாம்" என்று இவர் சொல்லியிருக்கலாம். இவற்றை எழுதினால் ஒரு பக்கம் போதும். "அன்பு", "ஒற்றுமை" என்ற சொற்கள் அதற்குள் வரவேண்டிய தேவையே இல்லை.

நண்பர் தாம் யார், என்ன தொழில், கனடாவில் எந்தத் தகுதியுடன் வாழ்கின்றார், இருவரில் எவரை எப்போதிருந்து எவ்வாறு அறிவார் என்பதை முதலில் கூற வேண்டும். பின்னர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும். கேட்டதாயின் யார் சொல்லக் கேட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். மணவிழாவுக்குப் போகாதவர் போகவில்லை என்றே எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. பெண்ணை நேரில் காணாதவர் நேரில் கண்டதில்லை என்று எழுதுவதனால் அவர் சொல்லும் மற்றவை வலுப்பெறுமேயன்றி வலுவிழக்க மாட்டா.

எமது மொழியே எம்மைக் காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. நாற்பது வருட நண்பனை "மச்சான்" என்று அழைப்போம். அதனை மொழிபெயர்ப்பவர் "மைத்துனர்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். மனுவிலோ அப்படியொரு உறவினர் இல்லை. "அண்ணா", "சித்தப்பா", "மாமா" எல்லாம் இவ்வாறே. இரத்த உறவா, முறை சொல்லி அழைக்கும் வழக்கமா என்பதை ஒரு வரியில் விளக்கிவிட்டால் வில்லங்கம் இல்லை. பெயர்களும் அப்படியே. கடவுச்சீட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், நண்பர் வட்டத்தில் மூன்றாவது பெயர். முதலெழுத்தாக இருந்த தகப்பன் பெயர் இங்கு குடும்பப் பெயராகிவிட்டது. இருபது ஆண்டுகள் "ராசன்" என்று அழைத்த நண்பர், ராசனின் பாஸ்போட்டில் உள்ள பெயரை அறியாமலே இருக்கக்கூடும். "நான் ராசன் என அழைக்கும் இவர், கடவுச்சீட்டில் இன்ன பெயருடையவர்" என்று எழுதுவதில் வெட்கம் எதற்கு?

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் திகதியில்தான். எம்மவர் பலர் முதலில் பதிவுத் திருமணம் செய்கின்றனர். தாலி கட்டுவது நல்ல நாள் பார்த்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. சட்டத்தின் கண்ணில் அவர்கள் பதிவு நாளன்றே கணவன் மனைவி. எமது சமூகத்தின் கண்ணில் தாலி ஏறிய நாளில்தான். ஆறு நண்பர்களில் மூவர் ஒரு திகதியையும் மூவர் மற்றதையும் "திருமண நாள்" என்று எழுதினால், சாட்சிகள் முரண்படுகின்றனர் என்று தீர்ப்பாகிவிடும். பதிவு எப்போது, சடங்கு எப்போது, தாம் எதற்குப் போனார் என்பதை நண்பர் வேறுபடுத்தி எழுத வேண்டும். நினைவில்லாத திகதியை மனுதாரரிடம் கேட்டு நிரப்புவதைவிட, "தைப்பொங்கல் முடிந்த மறு கிழமை" என்று நினைவிலுள்ளபடி எழுதுவதே மேல்.

இங்கு எமது வாசகர்களில் அகதிக் கோரிக்கை மூலம் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் விடுக்க வேண்டியுள்ளது. மனுதாரர் நிரந்தர வதிவிடம் பெற்றபோது தம்மை மணமாகாதவர் என்று எழுதியிருப்பார். உதவி செய்யும் எண்ணத்துடன் நண்பர் "அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரே இவர்கள் கணவன் மனைவி" என்று எழுதிவிடுகின்றார். அன்று குறிப்பிடாமல் விட்ட மனைவியை இன்று அழைப்பதற்குத் தடைபோடும் விதியொன்று உண்டு. ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவில் அது உள்ளது. அத்துடன், அகதியாகப் பாதுகாப்புப் பெற்று இன்னும் குடியுரிமை பெறாதவர்கள், எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கேயே போய் மணம் முடித்து வருவது அவர்களுடைய வதிவிட உரிமையையே பறிக்கக்கூடும். 2012 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் விளைவு அது. ஊரில் நடந்த கலியாண வீட்டை நண்பர்கள் மகிழ்ச்சியுடன் விபரித்து எழுதும் முன்னர், மனுதாரர் ஒரு சட்டத்தரணியைக் காண்பது அவசியம். உண்மையை மறைக்கும்படி நாம் சொல்லவில்லை. எந்த உண்மை எங்கு கொண்டுபோய் விடும் என்பதை அறிந்துகொண்டு மனுவைப் போடுங்கள் என்கின்றோம்.

எழுதிக் கொடுக்கும்படி கேட்கப்படும் நண்பரின் நிலையையும் மனுதாரர்கள் எண்ண வேண்டும். சத்தியக் கடதாசியில் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் இருக்கும், அடையாள அட்டைப் பிரதியும் இணைக்கப்படுவது வழக்கம். தம் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, அடுத்த கடிதத்துக்காகப் பயந்தபடி இருப்பவர் தம் முகவரியை அரசாங்கத்தின் இன்னொரு கோவையில் வைக்கத் தயங்குவார். "இவ்வளவு காலம் பழகிவிட்டு ஒரு கையெழுத்துப் போட மாட்டாயா" என்று அவரை நெருக்குவது நட்பாகாது. அவர் இல்லை என்று சொன்னால் அதனை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதவர் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. தமிழில் எழுதினால் அவர் குரல் அதில் இருக்கும். பின்னர் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பெயர்த்து இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். மனுதாரரோ அவர் குடும்பத்தினரோ மொழிபெயர்க்கக் கூடாது என்பதைக் குடிவரவுத் திணைக்களம் தெளிவாகக் கூறியுள்ளது. எழுதியவர் நொத்தாரிசு முன்னிலையிலோ சத்தியப் பிரமாணம் பெறும் ஆணையாளர் முன்னிலையிலோ தாமே நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். வீட்டில் கையெழுத்திட்டு, வேறொருவரிடம் கொடுத்து முத்திரை குத்துவித்து எடுப்பது சத்தியமே அன்று. கடவுளின் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம், சட்டத்தில் இரண்டும் ஒன்றே. முத்திரை குத்துபவர் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று சான்று பகர்வதில்லை. இன்னார் என் முன் சத்தியம் செய்தார் என்பது மாத்திரமே அவர் சொல்வது. முத்திரை விழுந்துவிட்டதால் கடதாசி பலமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

கடைத் தெருக்களில் "ஸ்பொன்சர் கடிதங்கள் தயாரித்துத் தரப்படும்" என்று அறிவித்தல் தொங்கவிட்டிருப்போர் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கனடாவில் குடிவரவு விடயங்களில் பணம் பெற்று ஆலோசனை கூறவும் பிரதிநிதியாக நிற்கவும் சட்டத்தரணிகள், சட்டச் சங்கத்தின் அனுமதி பெற்ற சட்டத்துறை உதவியாளர்கள், கியூபெக்கின் நொத்தாரிசுமார், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோருக்கே உரிமையுண்டு. ஐம்பது டொலருக்கு ஆறு கடதாசிகள் அடித்துக் கொடுப்பவருக்கு நாளை விசாரணையில் நிற்க வேண்டிய கடமை எதுவுமில்லை. நிற்கப் போகின்றவர்கள் கையெழுத்திட்டவர்கள். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 127, 128ஆம் பிரிவுகளின்படி, பொய்யான தகவலை அறிந்தே கொடுப்பவருக்கு 100,000 டொலர் வரை தண்டமோ, 5 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொய்த் தகவல் கொடுத்ததாகக் காணப்படும் மனுதாரருக்கு 5 ஆண்டுகள் கனடாவின் கதவு மூடப்படும். 2014 நவம்பரில் சட்டம் மாறும் வரை அது 2 ஆண்டுகளாகவே இருந்தது.

கடதாசிக்காக மாத்திரம் செய்யப்பட்ட திருமணங்கள் எம்மவரிடையே இல்லை என்று எழுத இப்பத்திரிகைக்கு மனச்சாட்சி இடந்தராது. போர் எம்மைத் துரத்திய காலத்தில் உயிர் தப்புவதற்குக் கிடைத்த வழிகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. அந்நாளில் அவ்வாறு செய்தவர்களை நியாயத் தராசில் நிறுத்த நாம் முன்வரவில்லை. ஆனால் அதனை இன்று தொழிலாக நடத்துவோருக்காக ஒரு நண்பர் போடும் கையெழுத்து, அடுத்த கோவையிலுள்ள மெய்யான மனைவியின் காத்திருப்பை நீட்டுகின்றது.

இன்னுமொரு வகைக் கடதாசி உண்டு. அதனை எழுதுவது தமக்குத் தகுமா என்று நண்பர்கள் தம்மையே கேட்க வேண்டும். மனைவி ஏற்கனவே கனடாவில் இருக்கின்றார். உள்ளிருந்தே விண்ணப்பம் போடப்பட்டிருக்கின்றது. கணவனின் கை நீளுவதை அயலவர் அறிவர். கீழ் அறைவரை சத்தம் கேட்கின்றது. அந்தக் கணவன் வந்து கேட்டதும், "இருவரும் மகிழ்ச்சியாக வாழ்கின்றனர்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கின்றனர். அந்தப் பெண்ணுக்கு வதிவிடம் கிடைக்கட்டும் என்பதே தமது எண்ணம் என்று பின்னர் சமாதானம் கூறுகின்றனர். அந்தப் பெண் பின்னொரு நாள் பொலிசுக்குப் போகும்போது, அவர் சொல்வது பொய் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படப்போவது இவர்கள் எழுதிய கடதாசியே. ஸ்பொன்சர் செய்யப்பட்ட துணை இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்று 2012 ஒக்ரோபரில் கொண்டுவரப்பட்ட நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. குடும்ப வன்முறைக்குள்ளாகும் புதுவரவினர் கட்டணமின்றித் தற்காலிக வதிவிட அனுமதி கேட்பதற்கும் 2019 யூலையில் வழி திறக்கப்பட்டது. அவ்வாறான பெண்ணுக்கு உதவ விரும்பும் அயலவர் அவரைச் சட்டத்தரணி ஒருவரிடமோ பெண்கள் காப்பகத்துக்கோ அழைத்துச் செல்லலாம். பொய்ச் சத்தியத்தால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளிநாட்டிலிருக்கும் துணைக்கான மனு நிராகரிக்கப்பட்டால், காரணம் கூறும் கடிதம் ஸ்பொன்சர் செய்தவர் கைக்குக் கிடைத்து 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையீடு செய்ய வேண்டும். அழுது புலம்புவதில் இரண்டு கிழமை, உறவினரைக் கேட்பதில் இரண்டு கிழமை என அந்த 30 நாட்களைத் தொலைத்தவர்களை நாம் அறிவோம். மேன்முறையீட்டில் புதிய சாட்சியங்களையும் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடதாசி எழுதிய நண்பர் நேரில் சாட்சி சொல்லவும் அழைக்கப்படலாம். மறுபக்கத்துச் சட்டத்தரணி கேள்விகள் கேட்பார். அன்று எழுதியது என்ன என்று அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆதலால் கையெழுத்திட்ட பிரதியொன்றை எழுதியவரும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

நாம் முதலில் குறிப்பிட்ட வாசகர் 30 நாட்களுக்குள் முறையீடு செய்துவிட்டார். ஆறு நண்பர்களையும் மறுபடியும் கண்டு, பழைய கடதாசிகளைக் காட்டி, அவரவர் உண்மையில் அறிந்ததை எழுதும்படி கேட்டிருக்கின்றார். நால்வர், தமக்கு அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் தெரியாது என்று கூறி விலகிக்கொண்டனர். ஒருவர் அறைத் தோழர், அவர் தொலைபேசியைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதியிருக்கின்றார். மற்றவர் சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது பெண்ணின் வீட்டில் ஒரு பகற்பொழுது இருந்துவிட்டு வந்தவர். அவர் எழுதியது அரைப் பக்கம், இரண்டு இடங்களில் வெட்டித் திருத்தியிருக்கின்றது. மேன்முறையீட்டுக் கோவையில் இம்முறை அந்த இரண்டு கடதாசிகளே போகின்றன.